இத்தா வீட்டின் வைஃபை பெட்டி

மச்சானை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே தங்கையின் அறைக்குத் திரை போட்டோம். அறைக்கு ஒரு வாசல், இரண்டு யன்னல். ஆகவே மூன்று திரை. நான்காவது ஒன்றை நான் ஹோலுக்கும் குசினிக்குப் போகும் வழிக்கும் நடுவே கட்டினேன். ஆண்கள் யாராவது வந்து உட்கார்ந்தால் சமையலுக்கு அவள் குசினிக்குப் போகவர வேண்டுமே. கயிறு தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஆணியை இழுத்து இழுத்துப் பார்த்ததில் சுவரில் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. அதற்கு வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று அடுத்த கவலை தொடங்கியது.

எங்கள் வழக்கத்தில் கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். அவசியமில்லாமல் வீட்டை விட்டு வெளியே போகமாட்டாள். அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டாள். நான் கூடப்பிறந்தவன் என்பதால் எனக்குத் தடை இல்லை. மற்ற ஆண்களோடு தேவைக்கு ஒரு வார்த்தை பேசலாம், அதுவும் திரைக்குப் பின்னால் இருந்து.

நாங்கள் இருப்பது கற்பிட்டியில், ஒரு ஹாஜியார் கட்டிய மாடி வீட்டில். கீழே இரண்டு, மேலே இரண்டு, மொத்தம் நான்கு குடியிருப்பு. கீழே ஒன்றில் ஹாஜியாரின் குடும்பமே இருக்கிறது. அவருக்குச் சந்தைக்குப் பக்கத்தில் வெங்காயமும் கருவாடும் மொத்தமாக விற்கும் கடை. தொண்ணூறில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு வந்தபிறகு இது எனக்கு ஏழாவது வீடு. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் ஆகையால் இதையெல்லாம் எண்ணாமல் இருக்க முடிவதில்லை. என் மனைவி போனபிறகு தங்கையும் மச்சானும் என்னோடு வந்து சேர்ந்தார்கள். இப்போது மச்சானும் இல்லை. தங்கையின் ஒரே மகன் கட்டாரில் இருக்கிறான். நாள் தவறாமல் பின்னேரம் வீடியோவில் கதைப்பான். அந்தக் கதைக்கு வேண்டிய இணையம் வாடகைக்குள்ளேயே சேர்ந்தது. ஹாஜியார் நான்கு வீட்டுக்கும் ஒரே இணைப்பு எடுத்து, வீட்டுக்கு ஒரு பெட்டியாகச் சுவரில் மாட்டியிருந்தார்.

அவர் நல்ல மனிதர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை கோணலாக விளங்கும். மௌத்து வீட்டில் அடுப்பு எரிக்க விடாமல் மூன்று நாளும் அவர் வீட்டில் இருந்தே சாப்பாடு வந்தது. மாடிப்படி முடியும் இடத்தில் எங்கள் வாசலைப் பார்த்தபடி ஒரு கமரா இருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவராகவே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, அந்தப் பருத்த உடம்போடு ஏறி நின்று, கமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை. நான் அதைப் பிடித்துக்கொண்டு, இவர் விழுந்தால் யார் மேல் விழுவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இத்தா வீடு மாஸ்டர்," என்றார் இறங்கி. "கமரா உங்கட வாசலப் பாக்கக் கூடாது."

அந்த வாரமே நான்கு வீட்டிலும் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டினார்கள். கட்டாரில் இருந்து பிள்ளை கதைக்கும்போது படம் இனி தெளிவாக வரும் என்றார் ஹாஜியார். வந்தது. நான் அவருக்காக துஆச் செய்தேன்.

தங்கைக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. தினமும் நடக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. மச்சான் இருந்த காலத்தில் இருவரும் களப்புக் கரைவரை போய்வருவார்கள். இத்தாவில் அது முடியாதே. அதனால் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அறைக்கும் குசினிக்கும் நடுவே போவதும் வருவதுமாக நடக்கத் தொடங்கினாள். அந்தச் சின்னத் தூரத்தில் திரும்பித் திரும்பி நடப்பதில் தலை சுற்றிவிடுமோ என்று எனக்குப் பயம். அவளுக்கோ அந்த நேரம்தான் ஆறுதல். நடக்கும்போது சிலவேளை மச்சானோடு கதைப்பது போல வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொள்வாள். நான் காது கேளாதவன் போல் பத்திரிகையைப் பிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் வெங்காயம் வாங்க ஹாஜியாரின் கடைக்குப் போயிருந்தேன். சுகம் விசாரித்தவர், மனம் நிறைந்த அன்போடு சொன்னார்:

"தங்கச்சி அஸருக்குப் பொறகு நல்லா நடக்கிறா போல. விடாம நடக்கச் சொல்லுங்க மாஸ்டர், சீனிக்கு அதுதான் மருந்து. நேத்து மட்டும் நடக்கல்ல. சொகமில்லயா?"

முந்திய நாள் அவளுக்குத் தலையிடி. நடக்கவில்லைதான். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். இவருக்கு எப்படித் தெரியும்? காலடிச் சத்தம் கீழே கேட்டிருக்குமோ என்றால், எங்களுக்குக் கீழே இருப்பது அவர் வீடு அல்ல, ஒரு ஆசிரியையின் வீடு. அதோடு அஸர் நேரத்தில் அவர் கடையில்தான் இருப்பார். கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. வெங்காயச் சாக்கின் மேல் கிடந்த போனை எடுத்துப் பெருமையோடு காட்டினார். நான்கு வீட்டுக்கும் நான்கு கோடுகள். வீட்டுக்குள் ஆள் அசைந்த நேரமெல்லாம் கோடு தடித்து நீலமாகி இருந்தது, அசையாத நேரம் மெலிந்து கிடந்தது. களப்புத் தண்ணீரில் ஒருவன் இறங்கினால் தூரத்தில் நிற்பவனுக்கும் மேல்தண்ணீர் கலங்குவது தெரியுமல்லவா, அதுபோல வீடெல்லாம் நிறைந்திருக்கும் வைஃபை அலை ஆள் நடந்தால் கலங்குமாம். அந்தக் கலக்கத்தைப் புதுப் பெட்டி கண்டுபிடித்து அவருக்கு அனுப்புமாம். கொழும்பில் கம்பியூட்டர் வேலை பார்க்கும் அவருடைய மருமகன் பூட்டிக் கொடுத்தது.

"கமராவத் திருப்பின பொறகு எனக்கு யோசன மாஸ்டர். நீங்களும் வயசாளி. தங்கச்சி விழுந்து கிழுந்து போனா ஆர் பாக்கிற? இதுக்குக் கண் இல்ல, முகம் தெரியா. மறைக்கு ஒரு குறையும் வரா."

நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் கோட்டைப் பார்த்த கண் தானாகவே ஆசிரியையின் கோட்டுக்கும் போனது. பகலில் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும் அங்கே சின்னச் சின்ன அசைவு. அவளுடைய வயதான தாய் எழும்பி நடப்பது. எனக்குத் தெரிய வேண்டிய தேவை இல்லாத விஷயம், தெரிந்துவிட்டது. அதற்குள் கடையில் வேலை செய்யும் ஒருவர் வந்து, யாரோ அழைக்கிறார்கள் என்று ஹாஜியாரின் கையிலிருந்த போனை உரிமையோடு வாங்கிப் பேசிக்கொண்டே வெளியே போனார். வெங்காயத்தை வாங்கினேனா, கடையிலேயே விட்டேனா என்று பாதி வழியில்தான் யோசித்தேன். விட்டுவிட்டேன்.

தங்கையிடம் சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அஸர் தொழுகை முடிந்ததும் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். அவள் நடக்கத் தொடங்கிச் அதிக நேரம் ஆகவில்லை, மாடிப்படியில் ஹாஜியாரின் குரல். லைன் அறுந்துவிட்டதாகப் போன் சொன்னதாம், கடையை விட்டுவிட்டுப் பார்க்க வந்துவிட்டார். வழியின் நடுவில் நின்ற தங்கை பதறிப்போய்க் குசினிக்குள் ஓடினாள். ஓட்டத்தில் சுவரில் கை இடித்துவிட்டது. வயரை மறுபடி செருக வேண்டியதாயிற்று. பெட்டியை மறைக்கப் போய் ஆளையே வாசலுக்கு வரவழைத்துவிட்டேன். சொந்தமாக வேறு இணைப்பு எடுத்தாலும் இந்தப் பெட்டி சுவரில் இருக்கத்தானே போகிறது. வீட்டுக்காரரிடம் நேரே சொல்லிவிடலாம்; அவர் மனம் நொந்து, இத்தா முடிந்ததும் வேறு வீடு பாருங்கள் என்றால்? எட்டாவது வீட்டுக்கு என்னிடம் தெம்பில்லை.

கடைசியில் தங்கை கேட்டாள், ஏன் வயரைக் கழற்றினேன் என்று. சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இப்ப நான் கால மடிச்சு இருந்தனே, அதும் தெரிஞ்சிருக்குமா?"



அதோடு அவள் நடையை நிறுத்திவிட்டாள். தொழுகைக்கு எழும்பும்போதுகூட ஒருமுறை பெட்டி இருந்த ஹோல் பக்கம் பார்த்துவிட்டுத்தான் எழும்பினாள். தண்ணீர் குடிக்கப் போகவும் தயக்கம். மகன் வீடியோவில் வந்தபோது ஏன் உம்மா சிலை மாதிரி இருக்கிறீர்கள் என்றான். விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சீனி பார்க்கும் வேலை என்னுடையது. பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஏறியிருந்தது. நான்கு திரைக்குள் அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த நடை ஒன்றுதான். அதுவும் போய்விட்டது. ஹாஜியாரிடம் எப்படிச் சொல்வது என்று நான் மனதுக்குள் பேச்சுத் தயாரித்தேன், மாற்றினேன், மறுபடி தயாரித்தேன். ஒரு பெரிய மனிதரின் நல்லெண்ணத்தைக் குறை சொல்லும் பேச்சு எப்படித் தொடங்கினாலும் நன்றிகெட்டதாகவே ஒலித்தது.

என் தயாரிப்பு முடியும்வரை தங்கை காத்திருக்கவில்லை. ஹாஜியாரை மேலே வரச் சொல்லுங்கள் என்றாள். அவருடைய மனைவியை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவாள். ராத்தாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். இத்தாவில் இருப்பவள் ஆண்களை அழைத்துப் பேசினாள் என்று ஊர் கதைக்குமே என்றேன். தேவைக்குத் திரைக்குள் இருந்து பேசலாம், இதைவிட வேறென்ன தேவை வரப்போகிறது என்றாள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு இருவரும் வந்தார்கள். ராத்தா திரைக்குள்ளே தங்கையிடம் போய்விட்டார். ஹாஜியார் ஹோலில் கதிரையில் உட்கார்ந்தார். நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். தங்கை முதலில் கமராவைத் திருப்பியதற்கு நன்றி சொன்னாள், அவருடைய பிள்ளைகளுக்கு பரக்கத் கேட்டாள். பிறகு திரைக்குப் பின்னால் இருந்து நிதானமாகச் சொன்னாள்:

"அந்தப் போன எடுத்துப் பாருங்க ஹாஜியார். நேத்து நான் எத்தின தரம் பாத்ரூமுக்குப் போனன் எண்டு அதுல இரிக்கும். சத்தமா வாசிங்க, காக்காக்கு கணக்கெண்டா விருப்பம்."

காக்கா என்றது அண்ணனாகிய என்னை. உள்ளே ராத்தா சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். ஹாஜியாரின் முகம் கறுத்தது.

"அஸ்தஃபிருல்லாஹ். நான் அப்பிடிப் பாக்கிறவனா தங்கச்சி?"

"இல்ல. நீங்க பாக்கமாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும். ஆனாப் பாக்கிறதுக்கு இரிக்கே, அதான் கத. முகத்த மறைக்க மட்டுமா இந்தத் திர? நான் எழும்புறதும் படுக்கிறதும் என்ட கவல. அது ஏன் வெங்காயச் சாக்குக்கு மேல கெடக்கணும்?"

அவர் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தால் தெரியவேண்டும் என்றுதானே செய்தேன் என்று மெதுவாகச் சொன்னார். அது உண்மைதான். அப்போதுதான் உள்ளே இருந்து ராத்தாவின் குரல் வந்தது, சிரிப்பு இல்லாத குரல்.

"இஞ்ச பாருங்க, நம்மட ஊட்டுலயும் இதே பெட்டிதானே இரிக்கு? அப்ப நம்மட இளையவ நடக்கிறதும் கடைக்குத் தெரியுதா?"

மணமாகாத இளைய மகள், குமர்ப்பிள்ளை இருக்கும் வீடு என்று தெருப்பக்க யன்னலுக்கு இரட்டைத் திரை போட்டவர் ஹாஜியார். அவர் போனைச் சட்டைப்பையில் வைக்கப் போய், அங்கும் வைக்கப் பிடிக்காமல், பக்கத்தில் கிடந்த ஸ்டூல் மேல் கவிழ்த்து வைத்தார். மனிதர் வெட்கப்பட்டதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கொழும்புக்கு அழைத்து மருமகனை எல்லோரும் கேட்கும்படி பேசவைத்தார். காவலுக்கு நல்லது மாமா என்று அவன் தொடங்கினான். இது இன்னும் யாருடைய போனில் தெரிகிறது என்று ராத்தா உள்ளிருந்தே கேட்டார். தன்னுடைய போனிலும் தெரியும் என்று அவன் ஒப்புக்கொண்டான். அதன்பிறகு காவல் பற்றி யாரும் பேசவில்லை. அவன் சொல்லச் சொல்ல ஹாஜியார் தடவித் தடவி அமத்தினார். எங்கள் வீட்டுக் கோடு மறைந்தது. அடுத்து அவருடைய வீட்டுக் கோட்டை மறைத்துவிட்டு எழும்பப் பார்த்தார்.

நான்கில் இரண்டு போனால் இரண்டு மிச்சம் என்றேன். நான் அன்று பேசியது அவ்வளவுதான். மற்ற இரண்டு வீட்டாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்றார் ஹாஜியார். நிறுத்திவிட்டுக் கேட்கலாம் என்றாள் தங்கை. கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு நிறுத்திவிட்டுக் கேட்பதென்று முடிவானது. எங்கள் பெட்டியின் கடவுச்சொல்லை என்னையே மாற்றிக்கொள்ளச் சொன்னான் மருமகன். மாற்றினேன். அது எனக்கே மறந்துபோகுமோ என்பது இப்போதைய கவலைகளில் ஒன்று.

ஹாஜியார் சொன்னபடியே இரண்டு வீட்டுக்கும் போய், தயங்காமல் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மேலே எங்களுக்கு எதிரில் இருக்கும் ஹோட்டல் வேலைக்காரர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். ஆசிரியை யோசித்து, தாய் பகலில் தனியாக இருப்பதால் தனக்கு அது உதவும் என்றாளாம். ஆனால் தன்னுடைய போனில் மட்டும், அதுவும் தாய் சம்மதித்தபிறகு. தாய் சம்மதித்துவிட்டார். பெட்டி அதேதான். அதை யார் பார்ப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தங்கை விழுந்தால் யார் பார்ப்பது என்ற ஹாஜியாரின் கேள்விக்கு ராத்தாவே பதில் கண்டுபிடித்தார். அவருக்கும் முழங்கால் வலி, அவருக்கும் நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அஸர் தொழுதுவிட்டு மேலே வருவார். இரண்டு பேரும் அந்தச் சின்ன வழியில் முன்னும் பின்னுமாக நடப்பார்கள். ஒருவருக்கு ஒருவர் வழிவிடும் இடத்தில் முட்டிக்கொள்வதும் நடக்கும். இத்தா முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. சீனி இறங்கத் தொடங்கியிருக்கிறது. இந்த நடை போதுமா என்று நான் கேட்டதற்கு டாக்டரும் தலையை ஆட்டினார்.

நேற்று நான் வழக்கம்போல் ஹோலில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தேன். திரைக்குள் நடை தொடங்கியது. ராத்தா ஏதோ சொன்னார். தங்கை சிரித்தாள். மச்சான் போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. என்ன பகிடி என்று அறிய ஆசைப்பட்டு, கதிரையைச் சத்தம் போடாமல் கொஞ்சம் திரைப்பக்கம் நகர்த்தினேன். கதிரைக்கால் கிறீச்சிட்டது. உள்ளே இருவரும் நின்றுவிட்டார்கள்.

"காக்கா," என்றாள் தங்கை, "நீங்களும் கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். களப்புக் கரையில் வள்ளங்களை இழுத்துப் போட்டிருந்தார்கள். காற்று பலமாக இருந்தது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை நான் வீட்டுக்குத் திரும்பவில்லை.