மதாமின் வெள்ளி ஆந்தை

தாட்சாயினி பொய் சொல்லமாட்டாள். கேட்காவிட்டால் உண்மையும் சொல்லமாட்டாள். கார்ட்டியர்வில்லில் பதினொரு வருடமாக எனக்கு மேல்மாடியில் இருக்கிறாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் போன மாசி வரை எண்ணியிருந்தேன்.

விடிய ஐந்தரைக்கு எழும்பி, பஸ்ஸும் மெட்ரோவும் மாறிப் பக்கத்து நகரமான லவாலுக்குப் போவாள். அங்கே வசிலிக்கி என்ற கிரேக்க மூதாட்டியைப் பராமரிப்பது அவளுடைய வேலை. மதாம் என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீட்டு வாசலோடு ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், காலஞ்சென்ற கணவர் வாங்கி வைத்த வெள்ளி நாணயம். இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு முன் ஏதென்ஸ் நகரம் அடித்தது. ஒரு பக்கம் அதேனா தேவி, மறுபக்கம் ஆந்தை. ஆந்தை அவர்களுக்கு அறிவின் அடையாளம், அதனால் அதுதான் மேலே இருக்கும். பெட்டியைத் தொடக்கூடாது என்பது முதல்நாள் கட்டளை.

நமக்கோ ஆந்தை அபசகுனம், விடியற்காலையில் கதவைத் திறந்ததும் அதன் முழி. கார்த்திகையில் தாட்சாயினி பனியில் வழுக்கி விழுந்தாள். அடுத்த கிழமை அவளுடைய மகனுக்கு வேலை போனது. யார் முகத்தில் முழித்தேனோ என்று யோசித்தவளுக்கு விடை பெட்டிக்குள் கிடந்தது. மறுநாள், மதாம் எழும்பமுன், நாணயத்தைப் புரட்டிவிட்டாள். தேவியின் முகத்தைப் பார்க்க மனம் ஆறியது. பின்னேரம் மதாம் திருப்பி வைப்பார், காலையில் இவள் புரட்டுவாள். இப்படியே இரண்டு மாதம்.

ஒருநாள் மதாம் அழுதுகொண்டு இவளுடைய கையைப் பிடித்தார். நாணயத்தைத் தானே புரட்டிவிட்டு மறந்துபோவதாகவும், மூளை கலங்குவதாகவும், தன் மகனிடம் சொல்லவேண்டாம் என்றும் கெஞ்சினார். அப்போதே சொல்லியிருக்கலாம். மடியில் கனமில்லைதான், ஆனாலும் பெட்டியைத் தொட்டவளைக் கள்ளி என்பார்களே என்று இவள் பயந்தாள். புரட்டுவதை மட்டும் நிறுத்தினாள்.

மதாமின் பயம் நிற்கவில்லை. அடுப்பை அணைத்தேனா, மருந்துக் குளிசை போட்டேனா என்று பத்துத்தரம் கேட்டார். மகன் கிறகரி கவனித்துவிட்டான். முதியோர் இல்லத்தில் இடம் பிடித்தான். அதற்கான கடதாசிகளில் மதாம் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கவேண்டும்.

வியாழன் பின்னேரம் என் வீட்டுக் கதிரையில் இருந்துதான் இதையெல்லாம் கொட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பொலிஸ், களவு என்றால் அவள் கதி என்ன?

“வாயைத் திறக்காத,” என்றேன். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதாமின் கையில் பேனா இருந்தது. எங்கே கையெழுத்து வைப்பது என்று மகனிடம் இரண்டு தரம் கேட்டாராம். அதைக் கேட்டதும் இவள் தன் உடைந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆந்தை கூடாது, அதனால் நான்தான் புரட்டினேன், உங்களுடைய மூளைக்கு ஒன்றுமில்லை.

கிறகரி அவளை நம்பவில்லை. அசையாமல் நில் என்றான். தகப்பனின் குறிப்புப் புத்தகத்தையும் சமையலறைத் தராசையும் எடுத்துவந்து நாணயத்தை நிறுத்தான். அசலை எடுத்துப் போலியை மாற்றி வைத்துவிட்டாள் என்றே நினைத்திருக்கிறான். பதினேழு கிராமும் சொச்சமும். புத்தகத்திலும் அதுவே. ஆந்தையின் கண்ணருகே இருந்த கீறலைப் பழைய படத்தோடு ஒப்பிட்டான். அதுவும் சரி. கடதாசிகளைப் பைக்குள் வைத்தான். திங்கட்கிழமை வழமைபோல வரலாம் என்றுகூடச் சொன்னான்.

மதாம்தான் தலையை ஆட்டி மறுத்தார். “மூன்று மாதமாக என்னையே நான் நம்பவில்லை. நான் அழுதபோது நீ என் பக்கத்தில்தானே இருந்தாய்?”

தாட்சாயினி சாவிக்கொத்திலிருந்து அந்த வீட்டுத் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் மேலே போனேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தாள். வேறு வேலை கிடைக்கும் என்று ஆறுதல் சொல்லப் பார்த்தேன்.

“வேலை போனது பெரிசில்லையக்கா,” என்றாள். “அந்த மனுசி சொன்னது சரி. அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.”