விழுப்புரத்துக்குப் போகும் பாட்டில்

யார் கூப்பிட்டாலும் அம்சா அண்ணி உடனே திரும்ப மாட்டாள். முந்தானை நுனியை எடுத்து இடது கன்னத்தை ஒரு தடவை துடைத்துக்கொள்வாள். பிறகுதான் "இன்னா?" என்பாள். கூப்பிட்டது பால்காரராக இருந்தாலும் சரி, என் அம்மாவாக இருந்தாலும் சரி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கோழியை விரட்டச் சொல்லிக் கத்துகிற பொன்னியாக இருந்தாலும் சரி. எட்டு வருடமாகப் பார்க்கிறேன். துடைக்காமல் ஒரு தடவைகூட அவள் திரும்பியதில்லை.

எண்பத்தொன்றாம் வருடம் ஆவணியில் என் அண்ணன் தாண்டவராயனுக்கு அவளைக் கட்டினார்கள். அவள் பிறந்த ஊர் விழுப்புரத்தைத் தாண்டி, காணைக்குப் பக்கம். எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அவனுக்கு ஒரே தங்கச்சியான எனக்கு அப்போது பதினைந்து வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மாட்டையும் கொல்லைப் பயிரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் விழுப்புரத்தில் ஒரு லாரி ஆபீசில் பார்சல் புக்கிங் எழுதுகிற வேலையில் இருந்தான். அங்கேயே ரூம். சனிக்கிழமை சாயங்காலம் வருவான், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவான்.

கல்யாணப் போட்டோவில் அண்ணியின் முகம் சுத்தமாக இருக்கும். புரட்டாசி பிறந்ததும் கன்னத்தில் பரு வந்தது. ஒன்று இரண்டு இல்லை. இடது கன்னம் முழுக்கச் சிவந்து, பழுத்து, உடைந்து, உடைந்த இடமெல்லாம் கறுப்பாக நின்றது. பிறகு வலது கன்னம், நெற்றி.

"பொண்ணு பாக்கச்சொல்லோ பவுடர அப்பி ஒக்கார வச்சிட்டானுங்க" என்று அம்மா பொன்னியிடம் சொன்னாள். அண்ணி அடுப்பங்கரையில்தான் இருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் அம்மா சொன்னாள்.

தீபாவளிக்கு வந்த அண்ணனிடம் பொன்னி கேட்டாள்: "இன்னா தம்பி, பொண்டாட்டிய எப்ப விழுப்புரத்துக்குக் கூட்டிக்கினு போவப் போற? ரூம்புல தனியா பொங்கித் துன்னுக்கினு?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, "கூட்டிக்கினு போறேன். நாலு பேரு வர்ற எடம் அது. மொதல்ல மூஞ்சி தெளியட்டும்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள். நான் பார்த்த முதல் தடவை அதுதான்.

அவன் விளையாட்டுக்குச் சொன்னதை அவள் நாள் குறித்துக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டாள்.

முதலில் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். பத்து நாளில் பரு இரண்டு மடங்கானது. விளக்கெண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டி, மண்ணெல்லாம் முகத்தில் வந்து உட்கார்ந்தது. மூன்றாவதாகச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை எடுத்தாள். அதில் வேப்பங்கொழுந்தும் குப்பைமேனியும் பச்சையாகவே போட்டுக் காய்ச்சினாள். ஒரு வாரத்தில் பாட்டிலின் அடியில் தண்ணீர் தேங்கி, மேலே பூஞ்சை கட்டி, நாறியது. அம்மா அதைக் கொல்லைப்புறத்தில் கொட்டிவிட்டு, "எண்ணெய்க்குப் புடிச்ச கேடு" என்றாள்.

இலையில் ஈரம் இருக்கக் கூடாது என்று அண்ணிக்கு அப்படித்தான் தெரிந்தது. அதன்பிறகு நான் பறித்துவரும் இலையைத் துணியில் பரப்பி, நிழலில் நாலு நாள் காயவைப்பாள். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். கஸ்தூரி மஞ்சளையும் கருஞ்சீரகத்தையும் ஒன்றிரண்டாக இடிப்பாள். எண்ணெயை நேராக அடுப்பில் வைக்க மாட்டாள். சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் எண்ணெய்க் கிண்ணம். எண்ணெய் சுட வேண்டும், கொதிக்கக் கூடாது. ஆறியதும் ஏழு நாள் அப்படியே மூடிவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, காலி டானிக் பாட்டிலில் ஊற்றுவாள். பழுப்பு நிறப் பாட்டில்தான் வேண்டும், வெளிச்சம் படக் கூடாது. பாட்டிலின் கழுத்தில் மஞ்சளில் நனைத்த நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவாள். ஏன் என்று கேட்டேன். "நல்ல காரியத்துக்குப் போறது இல்ல?" என்றாள்.

முகத்தில் போடுவதற்கு முன் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பார்ப்பாள். அரிக்கவில்லை என்றால்தான் முகம். படுக்கப் போகும் முன் முகத்தைக் கழுவி, ஈரத்தோடு மூன்று சொட்டு. தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள்.

திண்டிவனத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த தேவசகாயம்தான் சரக்கு கொடுப்பார். ஒரு தடவை கடையில் கறுப்பாக, பட்டையாக ஒரு விதையைப் பார்த்து, "இது கொழந்தைங்க குளியல் பொடியில போடுற கார்போகரிசிதானே? இதையும் போட்டா ஜல்தியா தெளியுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"தெளியும். ஆனா நீ கொல்லையில வேல செய்யறவ. பொடியா இருந்தா கழுவிடறோம். எண்ணெய்ல போட்டு மூஞ்சியில வச்சிக்கினு வெயில்ல நின்னா கொப்பளிச்சிப்பூடும்மா. அப்புறம் கருகின தோல ஒண்ணும் பண்ண முடியாது. நெழல்ல ஒக்காந்திருக்கவங்களுக்குத்தான் அது."

அண்ணி அந்த விதையைத் திருப்பி வைத்துவிட்டாள்.

இரண்டு வருடம் பிடித்தது. எண்பத்துநாலு தை மாதம், பொங்கலுக்கு முகம் கழுவிவிட்டு அவள் வந்து நின்றபோது அம்மாவே கிட்டே வந்து தாடையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பரு இல்லை. கறுப்புத் தழும்புகூட உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அண்ணன் வந்தான். பார்த்தான். "ம், பரவால்ல" என்றான். அண்ணி அவனுக்குத் தெரியாமல் ஒரு டிரங்குப் பெட்டியில் இரண்டு சேலையும் ஒரு சின்ன அரிவாள்மணையும் எடுத்து வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை அவன் தனியாகப் போனான். வீடு கிடைக்கவில்லையாம்.

அதற்கடுத்த மாதமும் கிடைக்கவில்லை. அண்ணி அம்மா வீட்டுக்குப் போவதானால் விழுப்புரத்தில்தான் பஸ் மாற வேண்டும். அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்து, காணை பஸ்ஸில் ஏற்றிவிடுவான். ரூம் எந்தத் தெரு என்றுகூட அவளுக்குத் தெரியாது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனாகவே கேட்டான்: "அந்த எண்ணெய் ஒரு பாட்டில் குடேன். மொதலாளி வூட்டம்மாவுக்கு மூஞ்சியில ஒரே பருவாம்."

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி வீட்டம்மா மனது வைத்தால் வீடு கிடைத்துவிடும் என்று என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து மாதம் ஒரு பாட்டில் போனது. தனக்குச் செய்வதைவிடப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். "ராத்திரியில மட்டும் பூசச் சொல்லுங்க. மூணு சொட்டு போதும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி, இரண்டு கையாலும் கொடுப்பாள்.

எண்பத்தாறில், நிலக்கடலைக்கு, எங்கள் பேச்சில் மல்லாட்டைக்கு, களை வெட்டுகிற நேரத்தில், அம்மா கிணற்றுப் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அண்ணனைக் கூட்டிவர என்னைத்தான் அனுப்பினார்கள். லாரி ஆபீசில் ராஜாங்கம் என்று ஒரு பெரியவர் இருந்தார். "தாண்டவராயன் சாப்பாட்டுக்கு வூட்டுக்குப் போயிருக்கான்மா" என்று தெருவைச் சொன்னார். ரூமுக்கு என்று சொல்லவில்லை, வீட்டுக்கு என்றுதான் சொன்னார்.

கதவைத் திறந்தது ஒரு பெண். அண்ணனைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கும். பின்னால் தையல் மிஷின், வெட்டிய ஜாக்கெட் துணிகள்.

"நீ சின்னபொண்ணுதானே? மூக்கு அப்பிடியே அவரு மூக்கு. உள்ள வாம்மா. இப்பத்தான் சிகரெட்டு வாங்கப் போனாரு. நான் தனம்."

நான் வாசலிலேயே நின்றேன். ஜன்னல் மேடையில் பழுப்புப் பாட்டில் இருந்தது. கழுத்தில் மஞ்சள் நூல் மூன்று சுற்று. பாட்டிலின் வயிற்றில் ஸ்டிக்கர் பொட்டு ஆறேழு ஒட்டியிருந்தது.

அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். "நீதான் செய்யறியாமே அந்த எண்ணெய்? என் தங்கச்சி கைராசின்னு சொல்லிக்கினே இருப்பாரு. ரெண்டு வருஷம் முன்னாடி என் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்!"

அப்போதும் அந்த முகம் நன்றாக இல்லை. காதிலிருந்து காது வரை குழியும் கறுப்பும்தான். அண்ணியின் முகம் மிக மோசமாக இருந்த நாளில்கூட இப்படி இருந்ததில்லை.

"எத்தினி வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இந்த வூட்லயா? ஏழு வருஷமாவுது. நானும் அவரும் பாத்து எடுத்த வூடுதான்."

ஏழு வருடம். அண்ணிக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து.

காலிப் பாட்டில் ஒன்றைப் பேப்பரில் சுற்றி என் பையில் வைத்தாள். "அடுத்த தடவ இதுலயே ஊத்தி அனுப்பும்மா" என்றாள். அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். பஸ்ஸில் திண்டிவனம் வரும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும், "வூட்ல எதையும் ஒளறி வைக்காத" என்றான்.

அந்தப் பாட்டிலை ஜன்னல் வழியாக எறிந்திருக்கலாம். அவன் பக்கத்தில் இருந்தான், எடுக்கக் கை வரவில்லை.

"ரூமைப் பாத்தியா? ரெண்டு பேரு இருக்கலாமா?" என்று அண்ணி கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். பையைக் காலி செய்தவள் அவள்தான். பேப்பரைப் பிரித்தாள். கழுத்து நூலைப் பார்த்தாள். வயிற்றில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது, வேலை செய்கிறவர்கள் வைக்கிற மலிவுப் பொட்டு. அதை நகத்தால் பிரித்து எடுத்தாள். முதலாளி வீட்டம்மா இப்படிப் பொட்டு வைப்பாளா, காலிப் பாட்டிலைத் திருப்பித்தான் அனுப்புவாளா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள்.

மறுவாரம் என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பினாள். கால் கிலோ கார்போகரிசி.

"ஒங்க அண்ணிக்கா? வேணாம்னு அன்னைக்கே சொன்னேனே" என்றார் தேவசகாயம்.

"அவங்களுக்கு இல்ல" என்றேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கி வந்தேன், இலையும் பறித்துக் கொடுத்தேன்.

அந்தத் தடவை எண்ணெய் கறுத்து, மூக்கைக் குத்துகிற வாசனையோடு வந்தது. முழங்கையில் தடவிப் பார்க்கவில்லை. நூலை மட்டும் மறக்காமல் கட்டினாள். அண்ணனிடம் கொடுக்கும்போது, "இது புது மருந்து. காலையில பூசிக்கச் சொல்லுங்க. காலையில பூசினாத்தான் புடிக்கும்" என்றாள்.

ஆபீசில் வேலை அதிகம் என்று அண்ணன் ஒரு மாதம் வரவில்லை. அதுவரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ் ஹாரன் கேட்டால் கன்னத்தைத் துடைத்தாள்.

அண்ணன் வந்தான். சட்டையைக் கழற்றும்போதே சிரிப்பு. "இந்தத் தடவ இன்னாத்தப் போட்ட? மூஞ்சி அப்பிடியே கண்ணாடியாட்டம் ஆயிடுச்சின்னு ஒரே சந்தோஷம் அவங்களுக்கு. இனிமே இதையே போடு."

அண்ணி அந்தச் சட்டையை வாங்கி ஆணியில் மாட்டினாள். பிறகு, "அவங்க வெயில்ல போவ மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"அவ எதுக்கு வெயில்ல போறா? கடகண்ணிக்கெல்லாம் நான்தானே போறேன்" என்றவன் நின்றான். "வேலைக்காரங்க இருக்காங்க இல்ல அவங்களுக்கு" என்று முடித்தான்.

அம்மா மாட்டைக் கட்டப் போவதாகச் சொல்லி எழுந்து போனாள். கட்டிய மாட்டைத்தான் மறுபடி கட்டினாள். அம்மாவுக்கும் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் மல்லாட்டை பிடுங்கக் கொல்லையில் நாங்கள் இரண்டு பேர்தான். செடியை உதறிக்கொண்டே அண்ணி கேட்டாள்: "அவ மூஞ்சி எப்பிடி இருந்துச்சி, சின்னபொண்ணு?"

"ஒன் மூஞ்சிய விட மோசம் அண்ணி. ரொம்ப மோசம்."

"நெசமா?"

"நெசமா. ஒனக்கு முன்னாடியிலேர்ந்து இருக்கா."

கையிலிருந்த செடியில் மண் உதிர்ந்து முடிந்த பிறகும் உதறிக்கொண்டிருந்தாள். "அப்ப மூஞ்சியால இல்ல" என்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆனாலும் முந்தானையை எடுத்துக் கன்னத்தைத் துடைத்தாள்.

அவளுக்கு ஆறுதலாக நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிட்டேன்.

காணைக்குத் திரும்பிப் போகலாம் என்று ஒரு தடவை கிளம்பினாள். அவள் அண்ணன், "வாராவாரம் வந்து பாக்கறான், அடிக்கல, ஒதைக்கல, இன்னா குறை?" என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். டிரங்குப் பெட்டியிலிருந்த அரிவாள்மணையை அன்று வெளியே எடுத்து அடுப்பங்கரையில் போட்டாள்.

இது எண்பத்தொன்பது. எனக்குக் கல்யாணமாகித் திண்டிவனத்தில் இருக்கிறேன், கிருத்திகைக்குக் கிருத்திகை அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன். அண்ணி முகத்துக்கு எதுவும் பூசுவதில்லை. வயது ஏற ஏறப் பரு தானாகவே நின்றுவிட்டது, கன்னம் சுத்தமாக இருக்கிறது. அண்ணன் வாராவாரம் வருவதை விட்டுவிட்டான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான், அண்ணி கொடுக்கிற பாட்டிலை வாங்கிக்கொண்டு அன்றே விழுப்புரத்துக்குத் திரும்பிவிடுகிறான். எண்ணெய் செய்வதை நிறுத்தினால் அதற்கும் வர மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் செய்கிறாள்.