அக்கா அழிக்கச் சொன்ன படம்

அந்தப் படத்தில் ஓர் அம்மா பருப்பு வடை தட்டிக்கொண்டே வாய்விட்டுச் சிரிப்பார். உசிலம்பட்டி சாலையில், வீடற்ற பெண்களுக்காக அக்கா நடத்திவந்த இல்லத்தின் சமையலறையில் நான் எடுத்தது. மனநிலை தவறி மதுரைப் பேருந்து நிலையத்தில் கிடந்தவர்; மருந்தாலும் கவனிப்பாலும் தேறியிருந்தார். சொந்த ஊரைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

இல்லத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். கொடியேற்றம், பிரமுகர்களுக்குப் பொன்னாடை என்று போட்டுப் போட்டு யாரும் எட்டிப் பார்க்காத பக்கம் அது. முகங்களைக் காட்ட அக்காவுக்கு எப்போதும் தயக்கம். ஆனால் அந்த ஆண்டு மழைக்குக் கூரை ஒழுகியது; மாற்றப் பணமில்லை. அந்த அம்மாவிடமே படத்தைக் காட்டிக் கேட்டார் அக்கா. "போட்டுக்கங்க, நல்லாத்தானே இருக்கு" என்று அவர் வெட்கப்பட்டார்.

படம் பரவியது. அரிசி மூட்டைகள் வந்தன. கூரையை மாற்றிக் கொடுக்க ஆள் வந்தது. அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து, கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் வந்தாள். தன் போனில் அந்தப் படத்தைக் காட்டி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்கம்மா செத்துப்போச்சுன்னு சொல்லித்தான் என்னையக் கட்டிக் குடுத்தாக. எங்க மாமியா இதப் பாத்தா நான் அங்க வாழ முடியாதுக்கா. அழிச்சிருங்க."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா உள்ளே வந்தார். குழந்தையையே சற்று நேரம் பார்த்தார். "நான் உங்கம்மா இல்ல தாயி. ஆள மாதிரி ஆள் இருக்கும். போயிட்டு வா" என்றார். மகள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

உடனே அழிக்கச் சொன்னார் அக்கா. அழித்தேன். ஊரெல்லாம் பகிர்ந்திருந்ததை என்ன செய்வது? ஒவ்வொருவருக்கும் அக்காவே எழுதிக் கேட்டார். சிலர் நீக்கினார்கள், சிலர் பதிலே போடவில்லை. "அந்தம்மா சரின்னுதான் சொல்லுச்சு தம்பி. ஆனா யார் யாரெல்லாம் பாப்பாகன்னு நாம அதுக்குச் சொல்லலையே" என்று கடைசிவரை வருந்தினார்.

அதன்பின் எங்கள் பக்கத்தில் முகங்கள் வரவில்லை. கொடியில் காயும் சேலைகள், கீரை ஆயும் கைகள், அக்காவின் குரலில் சின்னச் சின்னச் சேதிகள். உதவி மெதுவாகத்தான் வந்தது. உதவ வந்தவர்கள் விட்டுப் போகவில்லை.

அக்கா இப்போது இல்லை. சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர மற்றத் தொண்டு நிறுவனங்கள் என்னை அழைக்கின்றன. அக்கா சொன்னதை அங்கெல்லாம் சொல்கிறேன். படத்தை அழித்த அன்று மாலை நடந்ததை மட்டும் சொன்னதில்லை. அந்த அம்மா என்னருகே வந்து நின்றார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டீகளா தம்பி?"

"முடிஞ்ச மட்டும் அழிச்சிட்டோம்மா."

"அவ போன்ல ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.