வாஞ்சூரிலிருந்து அம்பகரத்தூர் தாண்டி: பாய்லரோடு என் முதல் லோடு

இந்தப் பயணம் தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிப்பவர்கள், நான்கு மீட்டர் அகலமான பாய்லரை முதுகில் வைத்துக்கொண்டு ஒரு தடவை அந்த வழியில் போய்விட்டு வந்து சிரிக்கட்டும். “நானும் ஒரு லோ-பெட் ட்ரெய்லர் வாங்கலாமா?” என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் போலகம். பன்னிரண்டு வருடம் சரக்கு புக்கிங் அலுவலகத்தில் மற்றவர்களுடைய லாரிகளுக்கு பர்மிட் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு பழைய இழுவை வண்டியும், தாழ்வான தளமுள்ள லோ-பெட் ட்ரெய்லரும் வாங்கினேன். வீட்டில் எல்லாரும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். பிடித்தால் பிடிக்கட்டும், ஓட்டியே தீருவது என்று நானும் ஒற்றைக் காலில் நின்றேன்.

முதல் லோடு, ரைஸ் மில்லுக்கான பாய்லர். இருபத்தெட்டு டன். வாஞ்சூர் பக்கம் ஒரு யார்டில் ஏற்றி, அம்பகரத்தூர் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள் புதிதாகக் கட்டும் மில்லில் இறக்க வேண்டும். அந்த மில்லுக்கு இன்னும் நான்கு லோடு இருந்தது. காண்ட்ராக்டர் முதலிலேயே பச்சையாகச் சொல்லிவிட்டார்: “இது ஒண்ணை ஒழுங்கா கொண்டாந்து இறக்குங்க. மத்ததை அப்புறம் பேசுவோம். கிரேன் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் நிக்கும்.” அஞ்சைத் தாண்டினால் மீதி நான்கும் எங்களுக்குப் போட்டியாக இருந்த ஒரு திருச்சி லாரிக் கம்பெனிக்குப் போய்விடும். அந்த நான்கை நம்பித்தான் வண்டியே வாங்கியிருந்தேன்.

புதிதாக வருகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். காரைக்காலில் எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். அளவுக்கு மீறிய சரக்கு என்றால் இரண்டு அரசுகளிடமும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். குறைந்தது மூன்று வாரம் ஒதுக்குங்கள். நான் ஐந்து லோடுக்கும் சேர்த்தே வாங்கி வைத்திருந்தேன். முன்னால் சிவப்புக் கொடி கட்டிய பைலட் ஜீப் போக வேண்டும். ஒரு நாள் வாடகை எனக்கு மூவாயிரத்து ஐந்நூறு ஆனது. மின்வாரியத்தில் முன்கூட்டியே சொல்லி, தாழ்வான கம்பி உள்ள இடங்களுக்கு ஆள் கேட்டு வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரோட்டை அளக்க வேண்டும். மார்கழியில் டேப்பும் மூங்கில் கழியுமாக வழி முழுவதும் நானே அளந்தேன். பாலம், வளைவு, வேகத்தடை, சாய்ந்த புளியமரம், ஒரு டீக்கடையின் கூரை நுனி என்று ஒன்றையும் விடவில்லை. அளந்து முடித்தபோது எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

டிரைவர் நூர் பாய். திருமலைராயன்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பதினெட்டு வருடம் கனரக ட்ரெய்லர் ஓட்டியவர். காலை எட்டே முக்காலுக்கு “பிஸ்மில்லா” சொல்லி வண்டியை எடுத்தார். நான் பைலட் ஜீப்பில் முன்னால் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரச்சினையே இல்லை. காரைக்கால் ஊருக்குள் நுழையாமல் புறவழியில் சுற்றி, பதினொன்றரைக்குத் திருநள்ளாறு. நல்லவேளை, சனிக்கிழமை இல்லை. அங்கே இரண்டு இடத்தில் கம்பியைத் தூக்கிப் பிடித்துத்தான் கடக்க முடிந்தது. பாய்லர் ஒரு சுவரைச் சாண் இடைவெளியில் உரசாமல் போனபோது நான் ஜீப்பை விட்டு இறங்கிப் பக்கத்திலேயே நடந்தேன். நூர் பாய் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அம்பகரத்தூரைத் தாண்டும்போது மணி இரண்டு. மில் இன்னும் நான்கு கிலோமீட்டர்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு வளைவு திரும்பியதும் ஜீப் நின்றது.

ரோட்டில் நெல்.

பாதி ரோட்டை அடைத்து, இருநூறு அடி நீளத்துக்கு, பொன்னாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். கேளுங்கள் கூத்தை: நான் விவசாயி வீட்டுப் பிள்ளை. சம்பா அறுப்பு தையில்தான் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து பார்க்கிற நெல்லை ஒரு தடங்கலாக நினைக்கத் தோன்றவே இல்லை. வெளியூர்க்காரன் அளந்திருந்தால் அறுப்பு எப்போது என்றாவது விசாரித்திருப்பான்.

நூர் பாய் இறங்கி வந்து பார்த்தார். “மணல் மூடுன ரோட்டுல ஓட்டிருக்கேன் தம்பி. நெல்லு மூடுன ரோடு இதான் முதல் தடவை. மேல ஏத்துனா இங்கேயே அரிசியாயிடும்.”

நெல்லுக்குச் சொந்தக்காரர் மல்லிகாக்கா. ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு, காலால் நெல்லைக் கிளறிவிட்டபடியே வந்தார். அள்ளச் சொன்னேன். முடியாது என்றார்.

“காலையிலதான் கொட்டுனோம். ஈரம் இருந்தா கொள்முதல்ல திருப்பி அனுப்பிடுவான். ஆளுங்களும் போயிட்டாங்க. ஒத்த ஆளா நான் எப்படிங்க அள்றது?”

அஞ்சு மணி, கிரேன், நான்கு லோடு எல்லாம் சேர்ந்து எனக்குத் தலைக்கேறிவிட்டது. “ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா?” என்று கத்திவிட்டேன்.

“உங்க அப்பன் வீட்டு சொத்தும் இல்ல. உங்களுக்கு எந்த ஊரு?”

“போலகம்.”

“போலகத்துல நெல்லை எங்க காயவைப்பீங்க?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ரோட்டுலதான்.”

நூர் பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மல்லிகாக்கா விடுவதாக இல்லை. “ஆமா, மேல கட்டி வச்சிருக்கீங்களே, அது எதுக்கு?”

“ரைஸ் மில்லுக்கு.”

“நெல்லை நசுக்கிட்டுப் போயி ரைஸ் மில்லு நடத்துவீங்களோ? நல்லா இருக்கே!”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. குரலை இறக்கிச் சொன்னேன்: “அக்கா, கத்துனது தப்புதான். நாங்களே ஓரமா குவிக்கிறோம். வண்டி போனதும் நானே பரப்பிக் கொடுக்கிறேன்.”

“வண்டி போச்சுன்னா நீங்க ஏன் நிக்கப் போறீங்க?”

நியாயமான கேள்வி. காரியம் முடிந்ததும் கையசைத்துவிட்டுப் போன எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! “வண்டி போகட்டும். நான் போகலை. கடைசி நெல்லு மணி வரைக்கும் பரப்பிட்டுத்தான் கிளம்புவேன்” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தள்ளுபலகையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான், நூர் பாய், ஜீப் டிரைவர், மல்லிகாக்கா என நான்கு பேரும் தள்ளினோம், பெருக்கினோம், மண்ணோரத்தில் தார்ப்பாய் விரித்துக் குவித்தோம். அலுவலக நாற்காலி தேய்த்த என் இடுப்பு அரை மணியிலேயே கெஞ்ச ஆரம்பித்தது. மூன்றரைக்கு ரோடு கிடைத்தது. நடை வேகத்தில் பாய்லர் என்னைத் தாண்டிப் போனது. என் வண்டி முதல் லோடோடு போகிறது, நான் கையில் பலகையோடு ரோட்டோரத்தில் நிற்கிறேன். ஓடிப் போய் ஏறிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது, மறைக்கவில்லை. மல்லிகாக்கா என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய் நெல்லைத் தள்ள ஆரம்பித்தேன்.

நான்கே முக்காலுக்கு நூர் பாயிடமிருந்து போன். “கிரேன் தூக்கிடுச்சு தம்பி. ஒரு கீறல் இல்ல. அல்ஹம்துலில்லாஹ்.” அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உடனே காண்ட்ராக்டர் போனை வாங்கினார்.

“எங்கய்யா இருக்கீங்க? முதல் லோடு இறங்குது, ஓனரைக் காணோம்!”

“நெல்லு பரப்பிக்கிட்டிருக்கேன் சார்.”

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “நாளைக்கழிச்சு ரெண்டாவது லோடு. எடுக்க முடியுமா?” என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பாடும். “முடியும் சார்” என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. ஆனால் அதே ரோடு. மல்லிகாக்காவைப் பார்த்தேன். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, “இன்னும் மூணு வெயில் வேணும்” என்றார்.

“நாளைக்கழிச்சு முடியாது சார். சனிக்கிழமை எடுக்கிறேன்.”

“யோவ், தேதியை நான் வைக்கிறதா, நீங்க வைக்கிறதா?”

“நெல்லு வைக்குது சார்.” சொல்லிவிட்டேன். திருச்சிக்காரனிடம் போய்விடுவாரோ?

“சரி, சனிக்கிழமை. திருநள்ளாறுல கூட்டமா இருக்கும், அதையும் யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லை. “போலீஸ்ல அனுமதி வாங்கி விடியக்காலமே கடந்துடுறேன் சார்” என்றேன். வாங்கினேன், கடந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரோட்டை ஒரு தடவை அளந்தால் போதாது, லோடு எடுக்கும் வாரத்தில் மறுபடியும் போய்ப் பாருங்கள். உங்கள் ஊர் ரோடு என்றால் தெரியாத ஆள் ஒருவரையும் கூட்டிப் போங்கள். தையிலும், குறுவை அறுக்கும் புரட்டாசியிலும் எங்கள் பக்கம் வந்தால் வண்டியில் இரண்டு தார்ப்பாயும் தள்ளுபலகையும் கட்டாயம் வைத்திருங்கள். ரோட்டில் நெல் கிடக்கிறதா என்று விசாரிக்க மல்லிகாக்காவின் நம்பரைப் பலர் கேட்கிறார்கள், தர மாட்டேன். நேரில் போய்க் கேளுங்கள், அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

நான்கு லோடும் எனக்கே கிடைத்தது. இரண்டாவது லோடு அன்று நூர் பாய் பக்கத்திலேயே உட்கார்ந்து மில் வாசல் வரை போனேன்.