நான் கடித்துப் பார்த்த ஈயம்

அடையாறில் ஒரு ஓய்வுபெற்ற ஃபாதர் வீட்டில் நான் வேலை செய்கிறேன். இளவயதில் அவர் ஜெருசலேம் பக்கம் பல வருடம் தங்கி வேதம் படித்தவர். திரும்பி வரும்போது பழைய காலத்துச் சாமான்கள் சிலவற்றைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்குகிற மண் விளக்கு, பச்சை ஏறிய காசுகள், ஒரு ஜாடியின் கைப்பிடி, உடைந்த கண்ணாடிக் குப்பியின் கழுத்து. பஞ்சு விரித்த மரப்பெட்டியில் அவை இருக்கும். திங்கட்கிழமைதோறும் தூசி தட்டி வைப்பது என் வேலை.

இதெல்லாம் ஏசுசாமி காலத்துச் சனங்கள் புழங்கியது என்று ஃபாதர் முதலில் சொன்னபோது, எடுத்த விளக்கைத் திரும்பப் பஞ்சிலேயே வைத்துவிட்டேன். அஞ்சாவதோடு நின்றவள் கையில் இதைக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். அதற்கு முன் முப்பது வருடம் மீன் விற்றிருக்கிறேன். ஆனால் எனக்குக் கூவ வராது. நாத்தனார்தான் கூவுவாள். நான் பின்னால் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி மீனை ஆய்ந்து கொடுப்பேன். முட்டி விட்டுப்போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தேன். பேசாமல் செய்கிற வேலை கிடைத்ததே என்று கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

போன வருடம் கோயில் ஹாலில் இந்தச் சாமான்களைப் பார்வைக்கு வைப்பதாக முடிவானது. அதற்காக ஃபாதர் அலமாரியிலிருந்து இன்னொரு டப்பாவையும் எடுத்து வைத்திருந்தார். கலிலேயாக் கடற்கரையில் ஒரு கடைக்காரர் சும்மா கொடுத்தவை அதில் இருந்தன. அவற்றில் ஒன்று சுண்டுவிரல் நீளத்தில், சாம்பல் நிறமாக, மடித்த தகடு மாதிரி இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் துடைப்பதற்காகக் கையில் எடுத்ததும் கனம் சொல்லிவிட்டது. ஈயம்.

எங்கள் மீனவக் குப்பத்தில் என் அப்பா ஈயத்தைத் தட்டித் தகடாக்கி, துண்டு துண்டாக வெட்டி, வலையின் அடிக்கயிற்றில் வரிசையாக மடிப்பார். அந்தக் கனத்தில்தான் வலை கீழே இறங்கும். இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பதால் மடிப்பைக் கடைவாயில் வைத்துக் கடித்து இறுக்குவார். ஈயம் வாங்கும்போதும் கடித்துத்தான் பார்ப்பார்கள். நல்ல ஈயம் வெந்த பனங்கிழங்கு மாதிரி பல்லுக்கு இடம் கொடுக்கும். சின்ன வயதில் அப்பாவுக்கு நானும் அப்படிக் கடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பழக்கம் என் வாயில் இருந்ததை நான் மறந்துபோயிருந்தேன். யோசிப்பதற்குள் அதன் ஓரத்தைக் கடைவாயில் வைத்துக் கடித்துவிட்டேன். அது பல்லுக்கு இடம் கொடுக்கவில்லை. பலப்பம் மாதிரி நறுக்கென்று ஓரம் உடைந்தது. நாக்கில் வெள்ளைப் பொடி. ஓடிப்போய்த் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு, ஈயத்தை டப்பாவில் பஞ்சுக்குள் மூடி வைத்தேன். இனி இந்தப் பெட்டியை ஃபாதர் என் கையில் கொடுக்கவே மாட்டார் என்று தோன்றியது.

பதினோரு மணிக்கு மயிலாப்பூர் சார் வந்தார். காலேஜில் பழைய எழுத்துகளைப் பற்றிப் பாடம் சொன்னவர், ஃபாதருக்குச் சிநேகிதர். டப்பாவிலிருந்து அந்த ஈயத்தை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஃபாதர், அந்தக் காலத்துல ஈயத் தகட்டுல எழுதி மடிச்சு வெச்சுடுவா. இதுக்குள்ள எழுத்து இருக்கலாம்."

ஃபாதர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. "பிரிச்சுப் பார்க்க முடியுமா?"

"ஈயந்தானே, மெத்துனு இருக்கும். மெதுவா நெம்பினா வந்துடும். மெல்லிசா ஒரு கத்தி கொண்டு வரச் சொல்லுங்கோ."

கத்தி கொண்டுவந்த சமையல்காரர் அங்கேயே நின்றார். "உள்ள சமையல் குறிப்பு எதுனா எழுதிகீதா பாரு சார். நானும் கத்துக்கினு போறேன்."

நான் துணியைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றிருந்தேன். நெம்பினால் அது பொடியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் கடித்ததைச் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சார் கத்தி முனையை மடிப்பில் வைத்தார்.

"சார், அத்தத் தொறக்காதீங்க."

அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். மூன்று பேரும் திரும்பினார்கள்.

"ஏம்மா?" என்றார் சார்.

"அது வலை ஈயம் சார். லெட்டரா இருந்தா பாய் மாதிரி சுருட்டியிருப்பாங்க. இது ஒரே மடிப்பு, நடுவுல கயிறு போற ஓட்டைகீது."

"இருக்கலாம். பிரிச்சா தெரிஞ்சுடுமே."

"ஒடஞ்சிடும் சார்."

"ஈயம் எங்கேயாவது ஒடையுமாம்மா?"

"இது ஒடையும். காலையில நான் கடிச்சிப் பாத்தேன்."

சமையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ரெண்டாயிரம் வருசத்துச் சாமானையா கடிச்ச? பசின்னா என்னாண்ட கேட்டுருக்கலாமேக்கா."

ஃபாதர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். "எந்த ஓரம்னு காட்டுங்கம்மா." காட்டினேன். சார் லென்ஸை அங்கே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கத்தியைத் தள்ளி வைத்தார்.

"உள்ள வரைக்கும் அரிச்சு வெளுத்துப் போயிருக்கு, ஃபாதர். நெம்பியிருந்தா என் கையிலேயே உதிர்ந்திருக்கும்."

பிறகு ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "கயித்தோட முறுக்குத் தடம் தெரியறது. நீங்களே பாருங்கோ." லென்ஸை என்னிடம் நீட்டினார். அதுவரை படித்தவர் ஒருவர் பார்க்கச் சொல்லி எனக்கு எதையும் நீட்டியது இல்லை. பார்த்தேன். எங்கள் அப்பா முறுக்கிய கயிறு மாதிரியேதான் இருந்தது.

"ராயப்பர் வலையா இருக்குமா ஃபாதர்?" என்று சமையல்காரர் கேட்டார். ஏசுசாமியின் சீடர் ராயப்பரும் மீன் பிடித்தவர்தான்.

"யாரோ ஒரு மீன்காரருடையதுப்பா. அது போதாதா?" என்றார் ஃபாதர். என்னைப் பார்த்து, "வேதத்துல வலை வர்ற இடமெல்லாம் எத்தனையோ தடவை பிரசங்கம் வெச்சிருக்கேன். வலைக்கு அடியில ஈயம் இருக்கும்னு ஒரு நாளும் நினைக்கலைம்மா" என்றார்.

"கடிச்சது தப்புதான் ஃபாதர்" என்றேன்.

"அது இருக்கட்டும், வாயை நல்லாக் கழுவினீங்களா? ஈயம் விஷம்."

அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடைந்த பொருளை விட்டுவிட்டு என் வாயைப் பற்றிக் கேட்கிறாரே.

அன்று மத்தியானம் ஃபாதர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கயிறு எதில் திரிப்பீர்கள், எத்தனை விரல் இடைவெளி விடுவீர்கள், வலையை யார் அலசுவார்கள். பொம்பளைங்களும்தான் அலசுவோம் என்றேன். அந்த ஊரிலும் ஒருத்தி இந்த ஈயத்தை மணலில் அலசியிருப்பாள் என்று சொல்ல நினைத்தேன், வெட்கத்தில் சொல்லவில்லை. நான் சொன்னதை அவர் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினார். 'வலையின் அடிக்கயிற்றில் மடிக்கும் ஈயம்.' ஹாலில் கண்ணாடிக்குள் அந்த அட்டை இருந்தது. கூட்டத்தின் பின்னால் நின்று எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன்.

கண்காட்சி முடிந்த மறு திங்கட்கிழமை, பெட்டியைத் தருவாரோ மாட்டாரோ என்று பயந்துகொண்டேதான் போனேன். மேசை மேல் மரப்பெட்டி திறந்தே இருந்தது. பக்கத்தில் துவைத்த துணி மடித்து வைத்திருந்தது. உள்ளே அந்த ஈயமும் தனிப் பஞ்சில் இருந்தது.

"எல்லாத்தையும் துடைச்சு வையுங்கம்மா" என்றார் ஃபாதர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "பல்லு மட்டும் வேண்டாம்."

சரிங்க ஃபாதர் என்று சொல்லிவிட்டு, முதலில் அந்த ஈயத்தைத்தான் எடுத்தேன்.