லாசாலில் ஒரு குதிரையின் பின்னங்கால்

போன வருடம் இணையத்தில் "கையால் கீறிய மைச்சித்திரம்" என்று வாங்கி ஏமாந்தவன் நான். சுவரில் மாட்டிய பிறகு ஈர விரலால் தேய்த்துப் பார்த்தேன், பேனா மையென்றால் கரையும், ஒரு புள்ளியும் அசையவில்லை. அச்சுப்பிரதி! எனவே மொன்றியலில் ஒரு தமிழ் அக்கா கௌபாய் படங்கள் கீறி விற்கிறார் என்று கேள்விப்பட்டதும், நேரில் பார்க்காமல் ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று இந்த ஒக்டோபரில் கிளம்பினேன்.

டொரொண்டோவிலிருந்து காலை ஏழு மணி பஸ். 540 கிலோமீற்றர், ஆறரை மணித்தியாலம், 62 டொலர். இறங்கியதும் மெட்ரோவில் பச்சைப் பாதையின் கடைசி நிலையத்துக்கு மூன்றே முக்கால் டொலர், அதே டிக்கெட்டில் அக்கா இருக்கும் லாசால் பகுதிக்கு பஸ். டிரைவரிடம் வழி கேட்டேன். பிரெஞ்சில் ஏதோ சொல்லி நாலு விரல் காட்டினார். நாலாவது நிறுத்தமா, இன்னும் நாலு டொலரா? நிறுத்தம்தான். அன்று எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

படம் கீறும் பிலோமினா அக்கா மன்னார்க்காரர், இருப்பது மூன்றாம் மாடியில். அல்பர்ட்டா மாட்டுப் பண்ணையில் ஆறு வருடம் சமையல் வேலையாம். நம்புகிற கதையா இது?

நான் வாங்க வந்த படம் மேசையில் இருந்தது. துள்ளும் குதிரை, நழுவும் ஆள், தலைக்கு மேலே சுருக்குக் கயிறு. கயிறு முழுக்க ஒரே இழுப்பு. தொடக்கத்தில் தடித்து, வளைவில் மயிரிழையாகி, முடிவில் மை வற்றிச் சொரசொரத்தது. பின்னங்காலுக்கு மூன்றே கோடுகள், ஆனால் உதை தெரிந்தது. எனக்கு ஆசை பொங்கியது. ஆனாலும் மனிதக் கை இப்படி நடுங்காமல் ஓடுமா?

"படத்தில இருக்கிற இவன் விழுந்து கையை முறிச்சவன். அண்டைக்கே பண்ணைக் குசினியில இருந்து கீறினது. இது ஒண்டுதான் இருக்கு," என்றார் அக்கா. "தேத்தண்ணி போடட்டோ?"

"ஓம் அக்கா."

அவர் உள்ளே போனதும் விரலை நக்கிக் குதிரையின் காலில் வைத்தேன். ஐயோ! கால் கரைந்து சாம்பல் திட்டாகிவிட்டது.

கோப்பையோடு வந்தவர் என் விரலைப் பார்த்தார். "மன்னியுங்கோ அக்கா, நீங்க கேக்கிற விலைக்கே எடுக்கிறன்," என்றேன்.

"வேண்டாம் தம்பி. இதை நான் விக்கேல்ல." படத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

போகிறவர்களுக்கு: வாசல் மணி வேலை செய்யாது, அக்காவுக்குப் போன் எடுங்கள். சிறிய படங்கள் 80 டொலரிலிருந்து கிடைக்கும். எச்சில் விரலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கதவடியில் அக்கா சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: "சந்தேகமெண்டா கேட்டிருக்கலாமே. உங்கட கண்ணுக்கு முன்னாலேயே ஒண்டு கீறிக் காட்டியிருப்பன்."

மைப்போத்தலும் பேனாவும் அதே மேசையில், என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன.