தலைத்துண்டு உதறும் நேரம்

தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டும் நேரம் போதும் அமிர்தத்துக்கு. அதற்குள் ஒரு வசவு வேண்டுகோளாகிவிடும்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொதுச் சூளையொன்றில் அகல் விளக்கு அடுக்கும் கூலிக்காரப் பெண் அவர். சூளைக்கு எதிரே ஒட்டினாற்போல் இரண்டு கொட்டகைகள். ஒன்று சாமிதுரையுடையது, மற்றது ராஜமாணிக்கத்துடையது. இருவர் செய்வதும் கார்த்திகை விளக்கு, விற்பதும் ஒரே சென்னை வியாபாரியிடம். அதனால் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஒருவர் சரக்கு மட்டும் சூளையை நிரப்பாது. அரைச் சூளையைப் பற்றவைத்தால் கட்டுப்படியும் ஆகாது. தூது போக அமிர்தத்தை விட்டால் ஆளில்லை.

“அவன் மூஞ்சில முழிச்சாலே வெளக்கு வெடிக்கும்னு சொல்லு” என்பார் சாமிதுரை. அமிர்தம் நடப்பார், மூலையில் நின்று துண்டை உதறுவார். “ஒங்கள நேர்ல பாக்க அவருக்குக் கூச்சமா இருக்குதாம் மொதலாளி” என்பார் ராஜமாணிக்கத்திடம். இத்தனைக்கும் கொட்டகைகளுக்கு நடுவே இருப்பது ஒற்றைத் தகரத் தடுப்பு. தும்மினால் கேட்கும். இவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறவரை, சூளையில் கணக்கு எழுதும் எனக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று.

போன வருடம் முதலாளிகள் இருவரும் செல்போன் வாங்கினார்கள். இனி தூது எதற்கு என்று நேராகவே பேசினார்கள். ஒரு வாரம் சூளை எரியவில்லை, அமிர்தத்துக்குக் கூலியும் இல்லை. “டவரு நல்லா கெடச்சிதுங்க. அதான் கெட்டுது” என்றார் என்னிடம்.

இந்த வருடம் கார்த்திகை நெருங்கும்போது பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்றைக்குச் சூளையைப் பற்றவைக்காவிட்டால் இருவர் சரக்கும் தீபத்துக்குப் போய்ச் சேராது. சூடு சீராக ஏறும் நடு அடுக்கு முழுவதையும் ராஜமாணிக்கம் முந்திக்கொண்டு பிடித்திருந்தார்.

“அந்தத் திமிரு புடிச்சவன பாதி எடம் வுடச் சொல்லு! இல்லாட்டி இன்னைக்கி சூள எரியாது!” சாமிதுரை போட்ட சத்தத்தில் தகரமே அதிர்ந்தது.

அமிர்தம் போனார். மூலையில் நின்று துண்டை உதறிக் கட்டினார். ராஜமாணிக்கத்தின் எதிரில் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். அதுவும் காற்றுதான்.

ராஜமாணிக்கம் தகரத்தைப் பார்த்தார், அமிர்தத்தைப் பார்த்தார், அணைந்து கிடந்த சூளையைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓர் உதறு உதறிப் போட்டுக்கொண்டார்.

“பாதி எடம் தயவு பண்ணுங்கன்னு கேக்குறாரு. அதானம்மா?”

கண்கூடச் சிமிட்டாமல் தலையாட்டினார் அமிர்தம்.